அடுப்படிக் கணக்கு: நோட்டிலும் செல்போனிலும்



மாதம் பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. "ஏங்க, எண்ணெய் தீர்ந்துபோச்சு" என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. "அதுக்குள்ளேயா? போன வாரந்தானே வாங்கிட்டு வந்தேன்" என்று திண்ணையிலிருந்து பதில் போகிறது. போன வாரம் வாங்கியது எண்ணெயா சீனியா என்று இருவருக்குமே நினைவில்லை. பேச்சு வளர்கிறது. கடைசியில் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய் கைமாற்று வாங்கி அன்றைய தாளிப்பு முடிகிறது. உங்கள் வீட்டில் இப்படி நடப்பதில்லை என்றால் மிக்க மகிழ்ச்சி. நடக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

வயலுக்கு எத்தனை மூட்டை உரம் போட்டோம், மாடு காலையில் எத்தனை லிட்டர் கறந்தது, சொசைட்டியில் எவ்வளவு ஊற்றினோம் என்பதற்கெல்லாம் நம்மிடம் கணக்கு இருக்கிறது. உலையில் போட்ட அரிசிக்குத்தான் கணக்கு இல்லை. அந்தச் சோறு யார் யார் தட்டில் விழுந்தது என்பதற்குச் சுத்தமாக இல்லை. மாட்டுக்கு நேற்று எவ்வளவு புண்ணாக்கு வைத்தோம் என்று கேட்டால் உடனே சொல்கிறோம். வீட்டுக்காரி நேற்று மதியம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் தலையைச் சொறிகிறோம். கசப்பான பேச்சுதான். ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

இப்போது செல்போனில் இதற்கென்றே பல செயலிகள் இருக்கின்றன. 'ஆப்' என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். அவற்றில் பலவும் நம் வீட்டு அடுப்படியைப் பார்க்காதவர்கள் செய்தவை. பாக்கெட்டில் அச்சடித்த கறுப்புக் கோட்டைப் போன் கண்ணில் காட்டச் சொல்கின்றன. கொல்லையில் ஒடித்த முருங்கைக் கீரையில் கோடு ஏது? சாப்பிட்ட சோறு எத்தனை கிராம் என்று கேட்கின்றன. பசியோடு வந்தவர் தட்டைத் தராசில் வைத்துவிட்டா சாப்பிடுவார்?

ஆகவே நல்ல செயலி எது என்று வெளியில் தேடும் முன், நம் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று நாமே ஒரு தாளில் வரைந்துகொள்வது நல்லது. உங்கள் மகனோ மகளோ கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள் என்றால் அந்தத் தாளைக் கையில் கொடுத்து, "இப்படி ஒண்ணு செஞ்சு தாங்க" என்று கேட்கலாம். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் 80 பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். எப்படியானாலும் முதல் மாதம் நோட்டிலேயே எழுதிப் பாருங்கள். எந்தப் பத்தி மாதம் முழுவதும் காலியாகக் கிடக்கிறதோ, அதைப் போனில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் வீட்டுப் படி எது?

முதல் சிக்கல் அளவில் வருகிறது. கடைக்காரர் கிலோவில் கொடுக்கிறார். வீட்டில் நாம் ஆழாக்கிலும் டம்ளரிலும் கைப்பிடியிலும் அளக்கிறோம். 8 ஆழாக்கு ஒரு படி, 2 ஆழாக்கு ஓர் உழக்கு என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். சின்னப் படி, பெரிய படி என்று இரண்டு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. போனில் எழுதியிருக்கும் 'ஒரு கப்' நம் வீட்டு டம்ளர் இல்லை.

இதற்கு ஒரு நாள் வேலை செய்தால் போதும். அரிசி அளக்கும் டம்ளரையும், பருப்பு அள்ளும் கரண்டியையும், எண்ணெய் ஊற்றும் குழிக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போங்கள். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போனால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தராசில் வைத்துக் காட்டுவார். டம்ளருக்கு எத்தனை கிராம் அரிசி, கரண்டிக்கு எத்தனை கிராம் பருப்பு என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். செயலியிலும் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும். பிறகு "2 டம்ளர் அரிசி, 3 கரண்டி பருப்பு" என்று வாயால் சொன்னால் கிராமாக மாற்றிக்கொள்வது போனின் பாடு.

வாயால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சமைக்கிறவர் கையில் மாவோ மிளகாய்த் தூளோ இருக்கும். அந்தக் கையோடு எழுத்துத் தேடித் தட்ட முடியாது. தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி இன்றைய போன்களில் இருக்கிறது. பெரிய படங்கள் வேண்டும், தமிழ் எழுத்து வேண்டும், சிக்னல் இல்லாத நேரத்திலும் வேலை செய்ய வேண்டும். போன் ஒருவர் சட்டைப் பையிலேயே காட்டுக்கும் சந்தைக்கும் போய்விடும் வீடுகளில், அடுப்படிச் சுவரில் தொங்கும் நோட்டுதான் அசல். இரவில் அதைப் பார்த்துப் போனில் ஏற்றிக்கொள்ளலாம்.

வந்த சாமான்

பெரும்பாலான மளிகைக் கணக்கில் கடையில் காசு கொடுத்து வாங்கியது மட்டும் இருக்கும். நம் வீட்டுக்கு அது போதாது. ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வருகிறது. அறுவடைக் கூலியாக நெல் வரும். கொல்லையில் பப்பாளி, முருங்கை, கூரையில் பூசணி. வீட்டுக் கோழி முட்டை. கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு. இவற்றுக்குக் காசு கொடுக்கவில்லை என்பதால் கணக்கில் விட்டுவிட்டால், வீட்டின் பாதிச் சாப்பாடு கணக்குக்கு வெளியே போய்விடும். அதனால் விலைப் பத்திக்குப் பக்கத்தில் 'எங்கிருந்து' என்று ஒரு பத்தி போடுங்கள். ரேஷனில் சாமான் வாங்கியதும் பதிவு செய்த போனுக்குக் குறுஞ்செய்தி வரும். அதைப் பார்த்து அன்றே எழுதிவிடலாம். வாங்காத சாமானுக்குச் செய்தி வந்தால் அதுவும் கண்ணில் பட்டுவிடும்.

தினம் எவ்வளவு செலவானது என்று எழுத வேண்டாம். அப்படி எழுத ஆரம்பித்தவர்கள் நாலாம் நாள் விட்டுவிடுவார்கள். பாக்கெட்டைப் பிரித்த தேதி, தீர்ந்த தேதி, இந்த இரண்டு போதும். டப்பா மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டிப் பிரித்த தேதியை எழுதிவிட்டால் மறக்காது. செயலியிலும் சாமானுக்கு ஒரு படம், படத்தைத் தொட்டால் 'பிரித்தேன்', 'தீர்ந்தது' என்று இரண்டே பொத்தான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

இரண்டு தேதியில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. ரேஷனில் வாங்கிய 1 கிலோ துவரம் பருப்பை 1-ம் தேதி பிரித்தார்கள். 25-ம் தேதியோடு தீர்ந்தது. 1000 கிராம், 25 நாள், 4 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம் என்று போட்டிருக்கிறது. முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்களுக்கு அதில் ஒரு பகுதி அவற்றால் ஈடாகும். அப்படிப் பார்த்தாலும் பத்துக்கும் எண்பத்தைந்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள். அந்த வீட்டில் தினமும் சாம்பார் வைத்தார்கள். பருப்புக்குக் குறைவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தேதியைப் பார்த்த பிறகுதான் சாம்பாரில் பருப்பைவிடப் புளித் தண்ணீர் அதிகம் என்று தெரிந்தது.

துவரம் பருப்பு விலைக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம். துவரைதான் வேண்டும் என்றில்லை. தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் அதே கணக்கில் சேரும். மாலையில் பிள்ளைகளுக்கு பாக்கெட் நொறுக்குத் தீனி வாங்கும் காசை ஒரு வாரம் கூட்டிப் பாருங்கள். எத்தனை கிலோ தட்டைப்பயறு அந்தக் காசுக்கு வந்திருக்கும் என்று கடைக்காரரே சொல்வார்.

எண்ணெய்க் கணக்கு இதற்கு நேர்மாறாக வரும். அதே வழிகாட்டியில் எண்ணெயும் கொழுப்பும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றேகால் கிலோ, லிட்டரில் மூன்றரை. பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் 3 லிட்டருக்குள் நிற்பது நல்லது. 1 லிட்டர் பாக்கெட் 6 நாளில் தீர்ந்தால் மாதம் 5 லிட்டர் ஆகிறது. டீக்கடை வடையும் பஜ்ஜியும் இதில் சேரவில்லை. உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் சேர்த்து.

தட்டில் விழுந்தது

இதுவரை சொன்னது பானைக் கணக்கு. பானையில் நிறைய இருந்தாலும் எல்லார் தட்டிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. முதலில் வீட்டுக்காரர், பிறகு பிள்ளைகள், பிறகு மாமனார் மாமியார், எல்லாரும் கையைக் கழுவின பிறகு மருமகள். அதற்குள் முட்டை தீர்ந்திருக்கும், கூட்டு வழித்திருக்கும். "எனக்கு ரசம் போதுங்க" என்று அவள் சொல்லும்போது பசி இல்லாமல் சொல்வதாக நினைத்துவிடுகிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை இருப்பது தெரிந்தது. இது நாடு முழுவதற்குமான கணக்கு. நம் மாநிலத்திலும் பாதிக்கு மேல்தான். இரத்த சோகைக்குக் குடல் புழு, அதிக மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம் என்று பல காரணங்கள் உண்டு. சாப்பாட்டில் இரும்புச் சத்துக் குறைவது அவற்றில் பெரிய காரணம். மளிகைக் கணக்கு மட்டும் எழுதினால் இது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நோட்டில் மூன்றாவதாக ஒரு பக்கம் வேண்டும் என்று சொல்கிறோம். தலைப்பு 'தட்டு'.

இதற்கும் தராசு வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை நிறுவனம் 2016-ல் பெண்களின் சாப்பாட்டைப் பார்க்க ஓர் எளிய முறை வெளியிட்டது. உணவை 10 கூட்டமாகப் பிரித்து, ஒரு பகல் ஒரு இரவில் எத்தனை கூட்டம் வயிற்றுக்குள் போனது என்று எண்ணுவார்கள். குறைந்தது 5 இருக்க வேண்டும். நம் ஊர்ச் சாப்பாட்டில் அந்தப் பத்தும் இப்படி வரும். சோறு, கம்பு, களி, சப்பாத்தி எல்லாம் ஒன்று. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இதில்தான் சேரும், காய்கறியில் சேராது. பருப்பும் பயறும் இரண்டு. வேர்க்கடலை, எள் மூன்று. பால், தயிர், மோர் நான்கு. கறி, கோழி, மீன், கருவாடு ஐந்து. முட்டை ஆறு. கீரை ஏழு. மஞ்சள் பூசணி, கேரட், மாம்பழம் எட்டு. கத்தரி, வெண்டை, புடலை போன்ற மற்றக் காய்கள் ஒன்பது. வாழை, கொய்யா, நெல்லி போன்ற மற்றப் பழங்கள் பத்து. தாளிப்பில் போட்ட நாலு கறிவேப்பிலையைக் கீரை என்று எண்ணிவிடாதீர்கள். 15 கிராமுக்குக் குறைந்தால் கணக்கில் இல்லை. சுமார் ஒரு பெரிய கரண்டி அளவாவது இருக்க வேண்டும்.

பத்துக் கட்டம் போட்ட ஒரு வரி. சாப்பிட்ட கூட்டத்துக்கு ஒரு டிக். போனிலும் பத்துப் படம், தொட்டால் நிறம் மாறும், கீழே எண்ணிக்கை வரும். இதைச் செய்து தருகிற பிள்ளைக்கு இரண்டு மணி நேர வேலை.

முதல் நாள் ஒரே வீட்டில் இரண்டு தட்டையும் எழுதிப் பாருங்கள். வீட்டுக்காரர் காலையில் பழைய சோறும் மோரும், டீக்கடையில் சுண்டல், மதியம் சோறு, சாம்பார், கத்தரிக்காய், ஓர் அவித்த முட்டை, இரவு சோறும் முருங்கைக் கீரையும் சாப்பிட்டிருப்பார். சோறு, மோர், பருப்பு, காய், முட்டை, கீரை, ஆக 6. வீட்டுக்காரி காலையில் டீ மட்டும், மதியம் சோறு, ரசம், மீதியிருந்த கத்தரிக்காய், இரவு சோறும் ஊறுகாயும். கூட்டினால் 2. ஒரே அடுப்பு, ஒரே பானை.

இந்த முறை ஊர் மொத்தத்தையும் பார்க்க உண்டாக்கியது. ஒரு நாள் 2 வந்தது என்பதால் ஒருவருக்கு நோய் என்று ஆகிவிடாது. விரத நாளும் இருக்கும், விருந்து நாளும் இருக்கும். ஒரு மாதத்து வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கட்டம் எப்போதும் காலி என்று தெரியும். அந்தக் கட்டத்துக்கு என்ன வாங்கலாம், கொல்லையில் என்ன நடலாம் என்று பேச ஓர் ஆரம்பம் கிடைக்கும்.

இதை யார் எழுதுவது? மனைவி தலையில் கட்டாதீர்கள். சமைப்பதும் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் அவர் வேலையாக இருக்கிற வீட்டில் கணக்கையும் அவரிடமே கொடுத்தால், அது இன்னொரு சுமைதான். தட்டுப் பக்கத்தைக் கணவர் எழுத வேண்டும். இரவில் போன் மணியடித்து அவரைத்தான் கேட்க வேண்டும். "இன்னிக்கு என்ன புள்ள சாப்பிட்ட?" "நான் சாப்பிட்டேங்க." "அது தெரியும், என்ன சாப்பிட்ட?" முதல் வாரம் இந்தக் கேள்விக்குச் சிரிப்பார். இரண்டாம் வாரம் சொல்லத் தொடங்குவார். பதில் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும் என்றால் ஒரே வழி, கூட உட்கார்ந்து சாப்பிடுவது. பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கும்போது எல்லாருக்கும் சேர்த்தே வைத்துவிட்டால், முட்டை எத்தனை, ஆள் எத்தனை என்று அப்போதே தெரிந்துபோகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "எண்ணெய் ஏன் 6 நாளில் தீர்ந்தது?" என்று நோட்டைக் காட்டி அதட்டினால், ஏழாம் நாளிலிருந்து நோட்டில் உண்மை இருக்காது. தீர்ந்தாலும் தீரவில்லை என்றுதான் எழுதுவார்கள். மாமியாரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிள்ளைகள் தட்டு எழுதும்போது வெளியில் சாப்பிடுவதை விட்டுவிடாதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும், மதியச் சத்துணவும் அவர்கள் தட்டில் சேர்ந்தவைதான். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன போட்டாங்க?" என்று கேட்டு டிக் போடுங்கள், பிள்ளைகள் ஆசையாகச் சொல்லும். அங்கன்வாடி ஊழியர் கையிலும் ஒரு போன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2021 முதல் குழந்தையின் எடையும் உயரமும் அதில் ஏறுகின்றன. எடை ஏறவில்லை என்று அவர் சொல்கிற மாதம், உங்கள் வீட்டுத் தட்டுப் பக்கத்தைத் திறந்து அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பத்துக் கட்டத்தோடு பதினோராவதாக ஒரு கட்டம் சேருங்கள். அது இரும்புச் சத்து மாத்திரைக்கு. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா அதைச் சேர வைக்கும். கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் அதை வேறு வேளைக்கு வையுங்கள்.

வெளியிலிருந்து செயலி இறக்கிக்கொள்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பருப்புக் கணக்கு எழுத ஆதார் எண்ணோ, ரேஷன் அட்டை எண்ணோ, வங்கிக் கணக்கோ, போனுக்கு வரும் ஓடிபி எண்ணோ தேவையே இல்லை. போனில் உள்ள பெயர்ப் பட்டியலையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் திறக்க மாட்டேன் என்று அது சொன்னால் அழித்துவிட்டு நோட்டுக்குத் திரும்புங்கள்.

வரும் 1-ம் தேதி தொடங்கலாம். முதல் பக்கத்தில் உங்கள் டம்ளரின் கிராம். இரண்டாம் பக்கத்தில் சாமான், எங்கிருந்து, பிரித்தது, தீர்ந்தது. மூன்றாம் பக்கத்திலிருந்து ஆளுக்கு ஒரு வரி. மாதக் கடைசியில் கிராம சுகாதார செவிலியர் ஊருக்கு வரும் நாளிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போதோ நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும், மற்றப் பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்த சோகை. அந்த எண்ணை வாங்கி, தேதி போட்டு, தட்டுப் பக்கத்தின் மேலே எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியையும் அதன் கீழே எழுதி வையுங்கள்.